தொண்டை கட்டவில்லை

கோட்டைமேடு, கோவை
9.6.2024

அன்புள்ள பிரியா,

நலம். நீயும் குழந்தையும் சுகம்தானே? போனில் திணறிப் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஈரோட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் சாஹில், ஜவுளிக்கடை. அவர் அம்மா என்னிடம் பேர் கேட்டதும் அத்தா முந்திக்கொண்டு, "புள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்குங்க" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அடக்கமான பெண் என்று அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதம் நிச்சயம்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கண்ணாடி முன்னால் நின்று, ‘பேரைச் சொல்ல வக்கில்லாத திக்குவாய், உனக்கு இதுவே அதிகம்’ என்று சொல்லிக்கொள்கிறேன். தினமும்.

உன்
ஷைமா

பொள்ளாச்சி
14.6.2024

என் ஷைமாவுக்கு,

படித்ததும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. நீ வேலை பார்க்கும் லேபில் ரத்தம் கொடுக்க வந்து ஊசிக்குப் பயந்து நிற்பவர்களிடம் எவ்வளவு பதமாக நடந்துகொள்வாய்! அவர்கள் யாரையாவது ‘வக்கில்லாத’ என்பாயா? உன்னிடம் மட்டும் ஏன் இத்தனை கடுமை?

தடங்கலில்லாமல் பேசினால்தான் பேச்சு என்று யார் போட்ட சட்டம்? எங்கள் வீட்டுக்காரர் மூச்சுவிடாமல் பேசுகிறார். என்ன சொன்னார் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எழுதுவது எனக்குச் சுலபம், அனுபவிக்கிறவள் நீ. ஆனாலும் ஆயுசு முழுக்கத் தொண்டை கட்டியிருக்க முடியுமா, அம்மணி?

மோகனப்பிரியா

கோட்டைமேடு, கோவை
2.7.2024

அன்புள்ள பிரியா,

நிச்சயத்துக்கு நாள் குறிக்க அவர்கள் வந்திருந்தார்கள். அத்தா வாய் திறக்கும் முன் நான் எழுந்து நின்றேன். "எனக்குத் தொண்டை கட்டலைங்க. நான் திக்கித்தான் பேசுவேனுங்க." இரண்டே வரி. சொல்லி முடிப்பதற்குள் டீயில் ஆடை படர்ந்துவிட்டது.

முன்பே சொல்லியிருக்கலாம் என்றார் சாஹிலின் அம்மா. அதுவும் நியாயம்தான். சாஹில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள்.

அத்தா இரண்டு வேளை சாப்பிடவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நாந்தான் உன்னைய மறைச்சுப்போட்டேன் கண்ணு" என்றார். அப்போது அழுதேன். ஆனால் அன்று முழுவதும் என்னை நான் ஒருமுறைகூடத் திட்டவில்லை. சாயங்காலம்தான் அது நினைவுக்கு வந்தது.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரியில் நான் திக்கும்போதெல்லாம் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுவாய். அன்பினால்தான், தெரியும். பல நேரம் நான் சொல்ல வந்தது அதுவல்ல, பிரியா.

ஆவணியில் பொள்ளாச்சி வருகிறேன். நிறையப் பேச வேண்டும். எவ்வளவு நேரமானாலும் நானே முடிக்கிறேன். நீ காத்திரு.

ஷைமா