அழுதால் பால் கொடு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஆராய்ச்சிப் பண்ணைக் குடியிருப்பில் எனக்கு ஓர் அறை, ஒரு மின்விசிறி. அதற்கு மேல் கேட்டால் மேலாளர் சிரிக்கிறார். என் பொடிசைக் கூட்டி வந்திருந்தால் பகலெல்லாம் வரப்பில்தான் உட்கார்த்தி வைத்திருக்க வேண்டும். அவள் அப்பாவும் கப்பல் வேலையில் இருக்கிறார். உன்னை விட்டால் எனக்கு யார்?

நேற்று நான் பேசி முடித்த பிறகு அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள் என்றாய். சரி, இனிமேல் பேசவில்லை. எழுதுகிறேன். நீயும் சோம்பல் படாமல் எழுது.

"அப்படி என்னடி வேலை, பிள்ளையை விட்டுட்டு?" என்று கேட்டாயே. எங்களிடம் ஒரு கம்பு ரகம் இருக்கிறது. இரும்புச் சத்து அபாரம், விளைச்சல் மோசம். விவசாயி அதைத் தொடமாட்டார். நன்றாக விளையும் ரகத்தோடு அதைச் சேர்த்து, இரண்டு குணமும் உள்ள பிள்ளையை எடுக்க வேண்டும். கம்புக் கதிரில் பெண் பாகம் முதலில் விழித்துக்கொள்ளும், மகரந்தம் அப்புறம்தான் வரும். அந்த இடைவெளிக்கு முன்னாலேயே காகித உறை மாட்டாவிட்டால் காற்றில் வருகிற எவன் மகரந்தமோ புகுந்துவிடும். அதனால் இந்தப் பருவமும் அடுத்த மழைப்பருவமும் நான் இங்கே இருந்தே ஆக வேண்டும். சிரிக்காதே.

பொடிசைப் பற்றி ஒன்றே ஒன்று. என்னைத் தேடி அழுதால் பால் கொடு. புட்டி கையில் இருந்தால் அவளுக்கு உலகமே வேண்டாம்.

உன் தங்கை

ஆகஸ்ட் 12

அடி தங்கச்சி,

கம்புக்கு மாப்பிள்ளை பார்க்கும் உன் உத்தியோகம் எப்படிப் போகிறது? ஜாதகம் பொருந்தியதா? இங்கே தையல் கடையில் பள்ளிச் சீருடை மலையாய்க் குவிந்து கிடக்கிறது. பொத்தானுக்குக் காஜா எடுத்து எடுத்து என் விரல் ஓட்டையாகிவிட்டது.

ஒரு விஷயம். பயப்படாதே என்று எழுதினால் அந்த வார்த்தையைப் பார்த்தே பயப்படுவாய். அதனால் நேராகவே சொல்கிறேன். துணியில் கோடு போடும் சாக்கட்டிகள் வெட்டுமேசையிலிருந்து குறைந்துகொண்டே வந்தன. வேலைக்கு வரும் பெண்ணைத் திட்டிவிட்டேன், பாவம். போன வியாழக்கிழமை குனிந்து பார்த்தால் பொடிசு மேசைக்கடியில் உட்கார்ந்து நீலக் கட்டியைக் கடித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். வாயெல்லாம் நீலம். பிடுங்கினால் சுவரைச் சுரண்டப் போகிறாள்.

டாக்டரம்மா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறதாம். இரும்புச் சத்து இல்லையாம். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"பிள்ளையோட அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அக்கா

ஆகஸ்ட் 15

அக்கா,

என்னதான் கொடுத்தாய் அவளுக்கு? காலையில் என்ன, மத்தியானம் என்ன? நான் அனுப்பிய கஞ்சி மாவு என்ன ஆயிற்று? மே மாதம் வந்தபோது கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தேனே, கொழுகொழுவென்று இருந்தாளே! அதற்குள் என்ன நடந்தது அந்த வீட்டில்?

மெஷினில் குனிந்துவிட்டால் உனக்கு இடி விழுந்தாலும் தெரியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு குழந்தை மேசைக்கடியில் சாக்கட்டி தின்பதுகூடவா தெரியாது?

இங்கே நான் கம்பில் இரும்பை அளக்கும்போது கையில் வளையல்கூடப் போடுவதில்லை. இரும்புச் சாமான் பட்டாலோ மண் தூசி ஒட்டினாலோ அளவு பொய்யாக ஏறிவிடும். ஒரு மணிக் கம்புக்கு நான் அவ்வளவு கவனம். உன்னிடம் நான் ஒப்படைத்தது ஒரே ஒரு உயிர்.

பூக்கும் நேரம் இது, என்னால் நகர முடியாது. அவள் என்னென்ன சாப்பிட்டாள் என்று ஒன்றுவிடாமல் எழுது.

தங்கை

ஆகஸ்ட் 20

தங்கச்சிக்கு,

ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். பால்.

"அழுதால் பால் கொடு" என்று எழுதியது நீதான். அவள் எப்போது அழாமல் இருந்தாள்? விடிந்ததும் உன் பழைய சேலையைத் தேடி அழுவாள், பால். தெருவில் உன்னை மாதிரி யாராவது போனால் அழுவாள், பால். பால் ரொம்பிய வயிற்றில் உன் கஞ்சிக்கு இடம் ஏது? ஒரு வாய் வைத்தால் துப்புவாள். வற்புறுத்தினால் அழுவாள். அழுதால் என்ன கொடுக்க வேண்டும்? உன் மாவு டப்பா திறந்த மேனிக்கு அப்படியே இருக்கிறது.

டாக்டரம்மா சொன்னார்: "பால்ல இரும்பே கிடையாதும்மா. பால் வயித்த ரொப்பிடுச்சு, உடம்பு ஊதிடுச்சு, ரத்தம் ஊறல." நான் துணி தைக்கிறவள், எனக்குத் தெரியவில்லை. படித்தவள் உனக்குமா தெரியவில்லை?

இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. இல்லை, குத்திக்காட்டத்தான் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டால் என்ன எழுதினேனோ என்று நீ யோசிப்பாய், அதனால் விட்டுவைக்கிறேன்.

இப்போது அவளுக்கு ஒரு வாய் ஊட்டவே பயமாக இருக்கிறது. இது சேருமா, சேராதா, இதையும் உன்னிடம் எழுதிக் கேட்க வேண்டுமா? வந்து கூட்டிக்கொண்டு போ.

அக்கா

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

முன்னால் போட்ட கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. போடாததும் நியாயம்தான். போன மாதம் பொடிசைக் கூட்டிக்கொண்டு போக நான் வந்த அன்று அவள் துணிமணியையெல்லாம் மடித்து வாசலிலேயே வைத்திருந்தாய். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு ரத்தம் ஊறாது என்பது என் பாடப் புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த அறையில் உட்கார்ந்து அந்த முதல் கடிதத்தை எழுதியபோது நான் படித்தவளாக இல்லை. அவள் அழுவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அவள் பசிக்கு அல்ல, என் மனசாட்சியின் வாயை அடைக்கத்தான் அந்தப் புட்டி. மே மாதம் கன்னத்தைக் கிள்ளினேனே, இமையை இழுத்துப் பார்த்தேனா? நீ பார்க்கவில்லை என்று எழுத எனக்கு எப்படிக் கை வந்தது?

இன்னொன்று. ஜூலையில் பக்கத்து ஊர்ப் பெண்களைக் கூட்டி, புதுக் கம்பில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். ஒருத்தி இடுப்புப் பிள்ளையோடு எழுந்து, "உங்க பிள்ளையும் இதத்தான் குடிக்குதா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். யோசிக்கவேயில்லை.

பொடிசு தேறி வருகிறாள். மருந்தால் கருப்பாக வெளிக்குப் போகிறாள், கேட்டுவிட்டுப் பயந்துவிடாதே. கஞ்சியில் பாதி அவள் வயிற்றுக்கு, பாதி என் தலைக்கு. பகலில் களை எடுக்கும் பெண்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் வந்து போன நாட்களில் பாதிக் கதிர்களுக்கு உறை மாட்ட முடியவில்லை. இந்தப் பருவம் பாதி போயிற்று. மேலாளர் சிரிக்கவில்லை. போகட்டும்.

ஆனால் அவள் "அம்மா" என்று அழுகிறாள், அக்கா. "இதோ இருக்கேன்டி" என்று ஓடினால் என் முகத்தைத் தள்ளிவிட்டுக் கதவைக் காட்டுகிறாள். அவள் கேட்கிற அம்மா நீ. நான் திருத்தவில்லை. திருத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு தடவை வா. என்னிடம் பேச வேண்டாம்.

உன் தங்கை

அக்டோபர் 6

தங்கச்சி,

திருத்து.

உன் பிள்ளைக்கு ரத்தம் குறைந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று நீ கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறாய். சந்தோஷம், எடுத்துக்கொண்டேன். ஆனால் இதற்கு நான்தான் பொறுப்பு. அவள் முதல் தடவை என்னை அம்மா என்று கூப்பிட்டபோது கடையில் வேறு யாரும் இல்லை. "பெரியம்மா சொல்லு" என்று அப்போதே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது. கூப்பிட்டாள், உடனே புட்டியை நிரப்பினேன். அப்புறம் அவள் அழாமல் இருந்தபோதும் நிரப்பினேன். இதை நான் உனக்கு எழுதவில்லை, டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. பதில் போடாமல் இருந்தது கோபத்தால் என்று நினைத்தாயா?

அம்மா என்று அவள் அழும்போதெல்லாம் நீ போய் நில். முகத்தைத் தள்ளினாலும் நில். என்னைப் பெரியம்மா என்று சொல்லிக்கொடு. நாக்கு புரளாது, "பெய்மா" என்றாவது வரட்டும். அம்மாவைவிடப் பெரிசுதானே, நஷ்டம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தச் சொல் அவள் வாயில் வந்துவிட்டது என்று நீ எழுதுகிற அன்றைக்கே பஸ் ஏறுவேன். அதற்கு முன்னால் கூப்பிடாதே. அவள் வாசலில் நின்று பழையபடி கூப்பிட்டுவிட்டால், எனக்குத் திரும்பி வர மனசு வராது.

பொடிசின் பெரியம்மா