தோளில் இடிக்காத ஜாக்கெட்

ஜூன் 10, செவ்வாய்

இன்று மூன்றாவது சாம்பிள் லைஃப் ஜாக்கெட். ஊதா நிறம். ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு பேக்வாட்டரில் துடுப்பு போட்டேன். அக்குளில் உரசவில்லை. முதுகின் கீழ்ப்பக்கம் வெறும் வலைத்துணி, அதனால் கயாக் சீட்டில் சாய்ந்தாலும் ஜாக்கெட் மேலே ஏறவில்லை. தூண்டில் வீசிப் பார்த்தேன். தோளில் இடிக்கவில்லை. தூண்டில் முள் டப்பா ஜாக்கெட் பைக்குள் சரியாகப் போகிறது.

கேளம்பாக்கத்தில் கயாக் வாடகைக்கு விடும் எட்மண்ட் அண்ணா புதிதாக இருபது லைஃப் ஜாக்கெட் வாங்கப்போகிறார். "வர்றவங்களுக்கெல்லாம் நீதானே மாட்டி விடுற. எது சௌகரியம்னு நீயே போட்டுப் பாத்து சொல்லு அபி" என்றார்.

என்னைக் கேட்டார். பத்தாவதில் எழுந்து படிக்கச் சொன்னபோது பேச்சு வராமல் நின்று, மறுநாளிலிருந்து பள்ளிக்கே போகாத என்னை.

ஜூன் 12

மூன்றாவதுதான். சொல்ல வரவில்லை. தாளில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எட்மண்ட் அண்ணா அம்மாவிடம் வந்தார். "ஆன்ட்டி, உங்க பொண்ணு எடுத்த ஜாக்கெட்டுதான் வாங்கப்போறேன். ஆகஸ்ட் பதினஞ்சு லீவுதானே, உங்க பெண்கள் ஐக்கியத்தையே கூட்டிட்டு வாங்க."

அம்மா தண்ணீர்ப் பக்கம் போகமாட்டாள். 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் எங்களைப் படகில் ஏற்றியபோது யாரோ மாட்டிவிட்ட ஜாக்கெட் அவள் காதுக்கு மேல் ஏறி முகத்தை மூடிவிட்டது. "நீ கூட இருக்கியா இல்லையான்னே தெரியலடி" என்று இன்றும் சொல்வாள். அதனால்தான் வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் பட்டையை இறுக்கிய பிறகு இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பேன். காது வரை ஏறினால் கழற்றி வேறு தருவேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா தானாகவே சொன்னாள்: "நீ எடுத்ததுன்னா போட்டுக்கறேன்."

ஜூலை 12, சனி

இருபதும் வந்துவிட்டன. அதே ஊதா, அதே பைகள். சாம்பிளைவிட மெத்தென்று இருக்கின்றன. அண்ணாவிடம் நானாகவே வாய் திறந்து சொன்னேன்: "இது இன்னும் சாஃப்ட்டா இருக்குண்ணா." சிரித்தார்.

எத்தனை கிலோ தாங்கும் என்று போட்ட லேபிள்கள் தனியாக ஒரு கவரில் வந்திருந்தன. "மறந்துட்டாங்களாம். நீ தச்சுடு, உன் தையல் மெஷின் போட்ட மாதிரி இருக்கும்" என்றார். இருபதையும் கையாலேயே தைத்தேன். வாராவாரம் மீன்பிடிக்க வரும் ஸ்ரீவித்யா அக்கா ஒன்றைப் புரட்டிப் பார்த்து, "ஒரு நூல் கோணலா போகலியே" என்றார்.

ஜூலை 21, திங்கள்

சனிக்கிழமை அலசித் தொங்கவிட்ட ஜாக்கெட்டுகள் இன்னும் சொட்டுகின்றன. சாம்பிள் அன்று இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. ஒன்றைத் தூக்கினேன். நனைந்த போர்வை மாதிரி கனம்.

அடிப்பக்கத் தையலை பிளேடால் பிரித்தேன். உள்ளே மெத்தைக் கடை ஸ்பாஞ்ச். அழுத்தினால் தண்ணீர் வழிகிறது.

மெத்தென்று இருக்கிறது என்று நான்தானே சொன்னேன்.

ஜூலை 22

அண்ணாவிடம் அந்த ஸ்பாஞ்சை நீட்டினேன். பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"மிஞ்சிப் போனா மார்பளவு தண்ணி. யாரு முங்கப்போறா?"

அழுதுவிட்டேன்.

"சரி, அழாத. இதெல்லாம் திருப்பி அனுப்பிடறேன். உங்கம்மா குரூப்புக்கு பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டே குடுக்கலாம். போதுமா?"

போதும் என்று தலையாட்டினேன். நல்லவர்தான். ஏமாந்திருப்பார், பாவம்.

ஆகஸ்ட் 9, சனி

ஜாக்கெட் மாட்டும் கம்பிக்குப் பின்னால் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணா போனில் யாரிடமோ பேசினார்.

"திருப்பி அனுப்பறதாவது. லேபிளெல்லாம் தச்சாச்சு… அந்தப் பொண்ணா? அது வாயே தொறக்காதுப்பா. அதனாலதானே அத வெச்சிருக்கேன்."

அதனாலதானா? அப்போ என் கை? நான் எழுதி வெச்ச தாளு? ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமா போட்டுப் பாத்தேனே — அதெல்லாம் என்ன?

வீட்டில் அம்மாவிடம் ஆரம்பித்தேன். "எட்மண்ட் தம்பியவா சொல்ற? எவ்வளவு மரியாதையா கூப்பிட்டிருக்காரு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

வரவேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். பழையதைத்தான் தருவார் என்று இன்னும் நினைக்கிறேனோ?

ஆகஸ்ட் 15, வெள்ளி

பன்னிரண்டு பேர் வந்தார்கள். கம்பியில் ஆரஞ்சு ஒன்றுகூட இல்லை. வரிசையாக ஊதா.

"அபி, எல்லாருக்கும் மாட்டி விடும்மா" என்றார் எட்மண்ட் அண்ணா, என் கண்ணைப் பார்த்தே.

அம்மாதான் முதலில் வந்து நின்றாள். கையை விரித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. பேச முயன்றேன். பத்தாவது வகுப்பு மாதிரியே ஆகிவிட்டது.

ஒன்றை எடுத்து நானே போட்டுக்கொண்டேன். மற்றவர்களுக்கு மாட்டுகிற மாதிரியே பட்டைகளை இறுக்கினேன். படித்துறைக் கயிற்றை ஒரு கையில் பிடித்து மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, காலை மடக்கிக்கொண்டேன். முதலில் மிதந்தேன். யாரோ சிரித்தார்கள். மெதுவாகக் கனத்தது. கழுத்து. வாய். மூக்கு. அப்புறம் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

காலை ஊன்றி எழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீவித்யா அக்கா தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு வந்து என்னை மேலே இழுத்தார். ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் நிற்காமல் கொட்டியது.

எட்மண்ட் அண்ணா எல்லார் முன்னாலும் சொன்னார்: "இத செலக்ட் பண்ணதே அவதான் ஆன்ட்டி. லேபிள் தச்சதும் அவதான். கேட்டுப் பாருங்க."

உண்மைதானே. எதை மறுக்க?

அம்மா ஈரத்தோடு என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா தம்பி, அவதான் தச்சா. அவதானே எறங்கியும் காட்டினா. நீங்க எறங்கலியே."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சர்ச்சில் ஐக்கியத்துப் பெண்கள் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஸ்ரீவித்யா அக்கா தன் மீன்பிடிக் குழுவுக்கு ஆறு ஜாக்கெட் வாங்கி முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். "உன்கிட்ட காட்டாம யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இதையும் எதற்குச் சொல்கிறாரோ என்றுதான் தோன்றியது.

மாடியில் தண்ணீர் டிரம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் செங்கல் கட்டி ஒரு பகல் முழுக்க அமுக்கி வைத்தேன். மாலையில் கயிற்றை அவிழ்த்ததும் ஒவ்வொன்றாகத் துள்ளி மேலே வந்தன. கனம் ஏறவில்லை. அம்மா ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, "தூக்கிப் பாரு" என்றாள். தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கினேன். காது வரை வரவில்லை.

"கொஞ்சம் வெறப்பா இருக்குடி" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.