கீழண்டை அறைக்குப் பதினொரு சிலேட்டுக் கற்கள்

அனுப்புநர்
போஷு ராம், வயது 71,
காவலாள், ராணி மாளிகை,
தௌல்கட் கிராமம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்டத் தலைமையகம்.

பொருள்: ராணி மாளிகைக் கீழண்டை அறையின் கூரையில் உடைந்த பதினொரு சிலேட்டுக் கற்களை மாற்ற அனுமதி கோருதல் – ஆறாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

முன்பு எழுதிய ஐந்து மனுக்களுக்கும் பதில் இல்லை. இதற்கு வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. எழுதாமலிருக்க மனம் கேட்கவில்லை.

1. கீழண்டை அறையில் நானும் என் மனைவி சௌஜி தேவியும் கண்மூடும்வரை இருந்துகொள்ளலாம் என்று காலஞ்சென்ற ராணியம்மா எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு வேறு வீடு கிடையாது. பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகளாக அவள் படுத்த படுக்கையாக இருக்கிறாள்.

2. வாரிசுகள் மாளிகையை இடித்து விற்கப் போவதாகக் கேள்விப்பட்டு, அரசு காப்பாற்ற வேண்டும் என்று முதன்முதலில் மனுப் போட்டவன் நானே. 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்ற இரும்புப் பலகையைச் சாலையிலிருந்து முதுகில் சுமந்து மேலேற்றியவனும் நானே. அன்று ஊருக்கே அல்வா கிண்டிக் கொடுத்தோம். என் புத்தியை என்ன சொல்ல.

3. மழைக்கு முன், ஜேட் மாதத்தில், கூரையேறி ஒவ்வொரு கல்லையும் மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஓசை மங்கியதை மாற்றுவது மாளிகை வழக்கம். முப்பத்தெட்டு ஆண்டுகள் செய்தேன். பலகை வந்த ஆண்டும் மூன்று கற்களை மாற்றினேன். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைச் சேதப்படுத்தியதாக என்மேல் வழக்குப் போட்டார்கள். மற்ற அறைகளைப் பூட்டி முத்திரையும் வைத்துவிட்டார்கள்.

4. அலுவலக எழுத்தர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெரியவரே, கூரை தானா விழுந்தா அது இயற்கை. நீங்க கல்ல மாத்தினா அது குத்தம். பேசாம ஊரு போய்ச் சேருங்க." அவர் கெட்டவர் அல்லர். தேநீர் வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார்.

5. மழை தொடங்கிவிட்டது. அறையில் நனையாத மூலை ஒன்றுதான் மிச்சம்; கட்டிலை அங்கே தள்ளியிருக்கிறேன். அதற்கு மேலே உத்தரம் வளைந்து நிற்கிறது. பயமாக இருக்கிறது ஐயா. என் மனைவிக்கு வாய் குழறும். நேற்று அவள் சொன்னது எனக்கு மட்டும் விளங்கியது: "அந்தப் பலகையக் கழட்டி என் தலைக்கு மேல கட்டுங்க. அதுவாவது பாதுகாக்கட்டும்." அதுவும் குற்றமாகும் என்றேன். சிரித்தாள்.

ஆகவே, அனுமதி தந்தருள வேண்டுகிறேன். வராவிட்டால், வரும் வியாழக்கிழமை காலை கூரையில் ஏறுவேன். என்னைக் கைது செய்ய வருபவர்களோடு கட்டில் தூக்க இரண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்கள். நான் போய்விட்டால் அதை நகர்த்த ஆளில்லை.

இடம்: தௌல்கட்
நாள்: ஆஷாட மாதம் 9, திங்கள்

இப்படிக்கு,
தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
போஷு ராம்