கருப்பராயன் கல்லருகே ஒரு வளைவு

எடின்பரோ

அன்புள்ள அம்மாவுக்கு, செவ்வந்தி எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? மழைக்கு ஆடுகளைச் சாளைக்குள் கட்டினீர்களா?

பழைய பயண வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் இன்றைய படத்தின்மேல் பொருத்துவதுதான் இங்கே என் வேலை. போன வாரம், இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை மாட்டுவண்டிகளோடு கொடுமுடியிலிருந்து அந்தியூருக்குப் போன பாதை வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அம்மா, அது நம் ஊர்க் காட்டு வழியாகவே போகிறது!

நேராக வந்த கோடு கருப்பராயன் கல்லருகே சட்டென்று வளைந்து, பின்பக்கமாகச் சுற்றி, மறுபடி நேராகிறது. அங்கே மேடுமில்லை, பள்ளமுமில்லை. "தப்பாக வரைந்திருக்கிறார், நேராக்கிவிடு" என்றார் எங்கள் மேலாளர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "சாமிக்கு முன்னால குறுக்க போகக்கூடாது கண்ணு, சுத்திப் போ" என்று சொல்லி நீங்கள் தினமும் ஆடுகளை ஓட்டும் அதே வளைவு! வண்டி ஓட்டியவர்கள் நம் ஆட்கள்தானே? அவர்கள் சுற்றியிருக்கிறார்கள், துரையும் பின்னாலேயே சுற்றியிருக்கிறார். என் கண் கலங்கியதைப் பார்த்துக் கேட்டவர்களிடம் சளி என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படத்தை அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கல்லின் போட்டோ கிடைத்தால் வளைவை அப்படியே விட்டுவிடலாம் என்கிறார் மேலாளர். பக்கத்து வீட்டுக் கௌதமன் அண்ணனை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கல்லை ஒட்டி நீங்களும் நில்லுங்கள். கல்லின் உயரம் தெரிய வேண்டும், அதற்குத்தான்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. முகம் தெளிவாகத் தெரியட்டும், அம்மா.

செவ்வந்தி