பக்கத்து வீட்டுக்காரரின் வலது பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதியில் திக்கி நிறுத்திவிடுவேன், நீயும் "அப்புறம், அப்புறம்" என்று விரட்டுவாய். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய சங்கதி. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. லிஃப்ட் மெக்கானிக்காகப் பிறந்தால் ஆயுசு முழுக்கப் படி ஏற வேண்டியதுதான், லிஃப்ட் ஓடுகிற கட்டிடத்துக்கு நம்மை யார் கூப்பிடுவார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார். உன் அறை ஜன்னலுக்குக் கொக்கி மாற்றியாகிவிட்டது, குளியலறைக் குழாய் மட்டும் இன்னும் சொட்டுகிறது. போன வாரம் நீ போனில் என்னவோ சொல்ல வந்து நிறுத்திவிட்டாய், அது மனசிலேயே கிடக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இது. நான் நம் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

நிஜமான பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, நம் டிவி பக்கத்து வீட்டுக்காரர். நீ சின்னப் பையனாகக் காய்ச்சலில் கிடந்த வாரம் ஒரு தொடர் பார்த்தோமே. வீட்டைவிட்டு அழுதுகொண்டே வந்த கதாநாயகிக்குக் கதவைத் திறந்து, ஒரு நாற்காலியை எடுத்து இந்தப் பக்கம் போட்டு, அவள் கொட்டுகிறதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் "தண்ணி குடிக்கிறியாம்மா" என்று மட்டும் கேட்பாரே, அவர்தான். அந்த ஒரு காட்சியோடு அந்தத் தொடரில் அவர் வேலை முடிந்தது. "இவர் நெஜமாவே நம்ம பக்கத்து வீட்ல இருந்தா நல்லா இருக்கும்லம்மா" என்று நீ சொன்னாய், அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை படங்களில் தேடிப் பிடித்திருக்கிறோம். கோர்ட்டில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிறவர், டிக்கெட் பரிசோதகர், மருந்துக் கடைக்காரர், கல்யாணப் பெண்ணின் சித்தப்பா, ஒரு பேய்ப் படத்தில் சாகிற முதல் ஆள். "ஹீரோ வந்தா வெங்காயம் உரிக்கிறீங்க, இந்த ஆள் வந்தா மட்டும் என்னை உஷ்ங்கிறீங்க, என்ன குடும்பம்டா இது" என்று அப்பா அங்கலாய்ப்பார். ஆனால் அவர் வருகிற காட்சியில் அப்பாவும் பேசமாட்டார், கவனித்திருக்கிறாயா.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் எங்கள் காது கிளினிக்குக்கு வந்தார். பெஞ்சில் அத்தனை இடம் காலியாக இருக்க, இடது தோள் சுவரில் படுகிற மாதிரி ஓரத்தில் போய் உட்கார்ந்தார். தொப்பி போட்டிருந்தார், இருந்தாலும் எனக்குத் தெரியாதா. உள்ளே கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உனக்குத் தெரியும், நம் குடும்பத்திலேயே முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசினார்கள், நானோ பட்டம் வாங்கிய அன்றுகூட மேடையில் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி வந்தவள். அவரிடம் எப்படிப் பேசப் போகிறேன். வேலையைப் பார்ப்போம் என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய் அவருடைய வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "எந்தக் காதுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா. நீங்க எப்படி நேரா இந்தப் பக்கம் வந்து உக்காந்தீங்க" என்றார்.

அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. யார் வந்தாலும் எதிரே உட்கார்ந்து, எந்தக் காது என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம், அதுதான் எங்கள் முறை. அவரிடம் மட்டும் என் கால் தானாகப் போயிருக்கிறது. பொய் சொல்லத் தெரியவில்லை. "படத்துல பாத்திருக்கேன் சார்" என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "படத்துல தெரியுதா" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டதாம். இத்தனை வருஷமாக ஷூட்டிங்கில் ஒருவருக்கும் தெரியாதாம். தெரிந்தால், "காது கேக்காதவனுக்கு எதுக்குய்யா வசனம்னு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க" என்றார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, பேச ஆரம்பித்துவிட்டேன். குறை தெரியவில்லை சார், அழகுதான் தெரிந்தது என்றேன். எதிராளி வாயைத் திறக்கும் முன்னால் நீங்கள் ஒரு சின்ன வேலை செய்வீர்கள், நாற்காலியை நகர்த்துவீர்கள், ஜன்னலைச் சாத்துவீர்கள், ஃபைலை மேஜையின் அந்தப் பக்கம் வைப்பீர்கள், அவர்கள் தன்னால் உங்கள் வலது பக்கம் வந்துவிடுவார்கள், பிறகு முகம் முழுவதையும் அவர்களிடம் திருப்புவீர்கள், அந்த மாதிரி டிவியில் வேறு யாரும் கேட்டதில்லை, என் மகனும் நானும் அதற்காகவே பார்ப்போம் என்றேன். டிக்கெட் பரிசோதகராக வந்த படத்தில் மட்டும் அந்தக் கிழவி உங்கள் இடது பக்கம் நின்று பேசினாள், அவள் பேசி முடித்த பிறகும் உங்கள் கண் அவளைவிட்டு விலகக் கொஞ்சம் நேரம் ஆனது, துக்கம் என்று நினைத்து நாங்கள் அழுதோம் என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அன்னிக்கு அந்தம்மா பேசுனது ஒரு வார்த்தை காதுல விழலை. தொண்டைக்குழி எப்போ நிக்குதுன்னு பாத்துட்டிருந்தேன். நின்னதும் என் வசனம்" என்றார். யோசித்துப் பார். எத்தனை பேர் உதட்டை, தொண்டையை, மூச்சை அப்படிப் பார்த்துப் பார்த்து வேலை செய்திருக்கிறார். காது கேட்கிற நாம் ஒருவர் முகத்தை ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருப்போமா.

பிறகு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றேன். இடது காதுக்கும் டக் டக்கென்று அழுத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பார்த்தால் கண்ணாடி வழியே, சத்தம் அனுப்புகிற என் கையைப் பார்த்து அழுத்துகிறார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "மாட்டிக்கிட்டேனா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முடிவு நன்றாக இல்லை. இடது காதில் ஒன்றுமே இல்லை, வலதும் இறங்கிக்கொண்டு வருகிறது. காது மெஷின் வைத்தால் வலது காதில் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் அந்தச் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். இந்த வயதில் முதல் முறையாக ஒரு தொடரில் பெரிய வேஷம் வந்திருக்கிறதாம், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வருகிற அப்பா வேஷம். ஆனால் அந்த அப்பாவுக்குக் கண் தெரியாது. பேசுகிறவர் முகத்தை அவர் பார்க்கவே கூடாது. "பாக்காம நான் எப்படிம்மா கேப்பேன். மெஷின் வெச்சா கேமராவுல தெரியும். முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார். "கண்ணு தெரியாதவர் காதுல மெஷின் இருக்கக் கூடாதுன்னு யாரு சார் சொன்னா" என்று கேட்டுவிட்டேன், அதுவும் கொஞ்சம் சத்தமாக.

அவர் மடித்த சீட்டைப் பிரித்து நீவிவிட்டார். பிறகு வைத்துத்தான் பார்ப்போமே என்றார். சோதனைக்கு இருக்கிற மெஷினை அவர் வலது காதில் மாட்டிவிட்டேன். பையிலிருந்து வசனத் தாளை எடுத்து, மகள் பேசுகிற பகுதியைப் பின்னால் நின்று படிக்க முடியுமா என்றார். எனக்கு வராது சார் என்றேன். "நடிக்க வேண்டாம்மா, காய்கறி விலை சொல்ற மாதிரி சொன்னாலும் போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து நிற்கிறாள். அவர், "யாரு" என்றார். "நான்தான்பா" என்று படித்தேன். "என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்று படித்தேன். அடுத்த வசனம் அவருடையது. அவர் சொல்லவில்லை. கண்ணை மூடியபடி, தலையை லேசாகச் சாய்த்து, அப்படியே இருந்தார். மறந்துவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். மறக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார். அந்த முதுகையும் சாய்ந்த தலையையும் பார்த்துக்கொண்டு நின்றபோது, தாளில் இல்லாததையெல்லாம், என் மனசில் இருக்கிறதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இத்தனை நாள் திரையில் மற்றவர்களுக்குக் கிடைத்தது அன்றைக்கு எனக்குக் கிடைத்தது. முகத்தைப் பார்க்காமலேயே கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மெஷினைச் சரிபார்க்க மறுபடி வந்தார். டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அந்த டைரக்டர் பெண் ஒரு நாள் யோசித்து, மெஷின் தெரியட்டும் சார், அந்த அப்பாவுக்கும் வயசாகிறதே என்றாளாம். நீ அவருக்கு வைத்த பேரைச் சொல்லி, இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எனக்குப் பேர் வெச்ச பையனுக்கு மட்டும் எழுதுங்க" என்றார். எனவே உன் அறைக்கூட்டாளியிடம்கூட மூச்சு விடாதே. இங்கே அப்பாவுக்கே சொல்லவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். அதே நேரம் அப்பா குழாயடியிலிருந்து ஸ்பேனர் எங்கே என்று கத்த, ஒரு நிமிஷம் இருடா என்று போய்விட்டு வந்தேன். வந்து கேட்டதும் "ஒண்ணுமில்லம்மா" என்றாய். நானும் சரி என்று துணி காய்ந்ததைப் பற்றிப் பேசினேன். நம் பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் நின்று அதே வார்த்தையை நான் படித்தபோதுதான் உன் குரல் எனக்குச் சரியாகக் கேட்டது. வேலை போயிருக்கலாம், உடம்புக்கு ஏதாவது இருக்கலாம், யாரையாவது பிடித்திருக்கலாம், நான் ஊகிக்கப் போவதில்லை. இது கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொல்ல வராவிட்டாலும் போனை வைக்காதே, நான் காத்திருப்பேன். நீ எதைச் சொன்னாலும் கேட்டு முடித்துவிட்டு, தண்ணி குடிக்கிறியா என்று மட்டும்தான் கேட்பேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, அலட்சியம் செய்யாதே. நீ எடுத்து வைக்கிற காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதிலேயே.

ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா