வலிக்காத இடம்

ரங்பூர்,
பௌஷ் மாதக் கடைசி வெள்ளி

என் பிரியமுள்ள அப்பாவுக்கு மகள் ஷெஃபாலியின் சலாம். மஸ்கட்டில் உங்கள் இருமல் குறைந்ததா?

போனில் அத்தை, அம்மாவுக்குச் சின்னக் கொப்புளம்தான் என்று சொன்னது உண்மையில்லை. கேட்டால் நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவீர்களென்று பயந்து, அம்மாதான் அத்தையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என்னிடம் வாங்க மறந்துவிட்டாள். போன் அத்தையிடமே இருப்பதால், விடுமுறை முடிந்து நாளை அங்கே திரும்பும் கபிலுத்தீன் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் பனி அதிகம். எல்லாரும் வாசலில் வைக்கோல் கொளுத்திக் குளிர் காய்ந்தோம். அம்மா நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் தொங்கிய முந்தானையில் தீப்பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

அத்தை பதறிப்போய்ப் பற்பசையையும் முட்டை வெள்ளையையும் பூசிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. "பல்லுக்கு வாங்கினத பல்லுக்கே வச்சுக்கக் கூடாதா?" என்று மோர்ஜினா ஆபா அத்தையைத் திட்டினார். அவர் தீக்காய வார்டின் நர்ஸ், அங்கே எல்லாருக்கும் அக்கா. இந்தக் குளிரில் கட்டில் எல்லாம் நம் பக்கத்துப் பெண்கள்தான்.

ஆபா முதலில் அம்மாவின் மூக்குக்குள் முடி கருகியிருக்கிறதா என்று பார்த்தார். புகை உள்ளே போயிருந்தால் அதில் தெரியுமாம். பிறகு அம்மாவின் உள்ளங்கையைக் கணக்காக வைத்துக் காயத்தை அளந்தார். வெந்தவருடைய கைதான் அளவுகோலாம். அம்மாவின் கை எவ்வளவு சின்னது என்று அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் ஊசி முனையால் மெல்லத் தொட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். அம்மாவை உங்களுக்குத் தெரியுமே! எங்கே தொட்டாலும், "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். "வெட்கத்த வீட்டுல வச்சுட்டு வாங்க சாச்சி, கத்துறவங்கதான் எனக்குச் செல்லம்" என்று ஆபா கெஞ்சியும் பார்த்தார். தம்பி பிறந்தபோதே கத்தாதவள் என்று நான் சொன்னேன். "அப்ப அவங்க வாய நம்ப முடியாது. நீ கையப் பிடிச்சுக்க. இறுக்கினா எனக்குத் தலையாட்டு" என்றார்.

தோளில் தொட்டபோது அம்மா என் விரல்களை நசுக்கிவிட்டாள். தலையாட்டினேன். ஆபாவுக்கு ஏனோ சந்தோஷம். முதுகிலும் தொடையிலும் தொட்டபோது அம்மாவின் கை அசையவே இல்லை. "இங்க வலியே இல்ல ஆபா!" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விடாமல் கேட்டதற்கு வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார்: "வலிச்சா அங்க உசிர் இருக்குன்னு அர்த்தம் கண்ணு. வலிக்காத இடம் ஆழமா வெந்திருச்சு."

நேற்றிலிருந்து காய்ச்சல் இறங்கவில்லை. வரவேண்டியவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தம்பிக்கு எதுவும் தெரியாது.

அம்மாவுக்குப் புடவை, எனக்கு அகராதி என்று கடைகளுக்குப் போகாதீர்கள் அப்பா. எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். அம்மா கேட்டால், சும்மா பார்க்கத் தோன்றியது, வந்தேன் என்று சொல்லுங்கள். அவள் நம்புவாள்.

அதற்குள் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும்படி அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கும்,
உங்கள் மகள்
ஷெஃபாலி