அவசரம் இல்லை

3.10.1976 ஞாயிறு

கோவில் விட்டு வந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பழைய காரின் பின்சக்கரத்துப் பிரேக் சிலிண்டர் ஒருவழியாகத் தாங்கியில் உட்கார்ந்துவிட்டது. இனி அது ஊஞ்சல் போல ஆட வேண்டும். ஆடும்போது நீராவிக்கு வழி தானே திறக்கும், தானே அடையும். தனியாக வால்வு வேண்டாம். இது என் கூட்டாளி செல்லையனின் மூளை.

பெரிய வீட்டுக்காரரின் ஆஸ்டின் காரை நான் ஒன்பது வருஷம் ஓட்டினேன். நிலச் சட்டம் வந்து அவருக்கு வயல் போயிற்று, எங்களுக்குக் குடிகிடப்பு உரிமையில் குடியிருந்த மண் பத்து சென்ட் கிடைத்தது. கார் மட்டும் யாருக்கும் வேண்டாமல் கோழி அடைகாத்துக் கிடந்தது. "கொண்டு போடா ரெத்தினதாசே, பாக்கப் பாக்க நெஞ்சு வேவுது" என்று கொடுத்துவிட்டார். ஓடாத காரை வைத்து என்ன செய்ய? அதன் பாகங்களில் ஒரு சின்ன ஆவி எஞ்சின் செய்வோம் என்றான் செல்லையன். பாறசாலை ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர் வேலை பார்த்தவன், அவனுக்கு எதுவும் லேசு. பாதியில் விட்டுவிட்டு மஸ்கட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

என் தங்கை ஞானபாயை அவனுக்குத்தான் பேசி வைத்திருக்கிறது. கல்யாணப் பந்தலில் எஞ்சினை ஓடவிட்டு விசில் ஊதவைக்க வேண்டுமாம். பைத்தியக்காரன். எனக்கும் அந்த ஆசை உண்டு.

நேற்று அவன் கடிதம் வந்தது. "மச்சினா, பிஸ்டனில் பருத்தி நூலைச் சுற்றி கிரீஸ் தேய்த்துப் பார், ஆவி ஒழுகாது. ஞானபாயைக் கேட்டதாகச் சொல்." நான்தான் வாசித்துக் காட்டினேன். அவள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கையெழுத்துத் தமிழ் அவளுக்குத் தடுமாறும். கடைசி வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள் கள்ளி.

21.11.1976 ஞாயிறு

பாய்லர் காலை வாரிவிட்டது. ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டியை அப்படியே பாய்லராக வைத்திருந்தேன். தேங்காய்ச் சிரட்டைத் தீ மூட்டிக் கால் மணி நேரம் ஆகவில்லை, ஈயப்பற்று இளகி வெந்நீர் முழுக்கக் காலில். ஈயம் சூடு தாங்காது என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தோன்றவில்லை.

ஞானபாய் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். "அவரு இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்காதுல்லா" என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். பிறகு சிரிக்கவில்லை.

5.2.1977 சனி

பித்தளைப் பற்று வைத்தாயிற்று. தண்ணீர் ஊற்றி வைத்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஆனால் வாய்கள் ஒழுகுகின்றன. இன்று சுகிர்தபாய் பெரியம்மை வந்தாள். "பெண்ணுக்கு இருவத்தாறு ஆவுது மக்கா. அவன் வருவானா, அங்கேயே ஒருத்திய வச்சிருக்கானா, ஆரு கண்டா?" ஞானபாய் அடுத்த அறையில் இருப்பது தெரிந்தேதான் சத்தமாகச் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா அம்மை இல்லாத வீடு என்றால் எவரும் வந்து எதுவும் சொல்லலாமா?

உடனே உட்கார்ந்து செல்லையனுக்கு எழுதினேன். மே மாதத்துக்குள் வா, இல்லாவிட்டால் எப்போது வருவாய் என்று சொல், நாள் குறிக்க வேண்டும். கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன்.

29.3.1977 செவ்வாய்

பதில் வந்தது. மலையாளத்தில். வேறு எவனுடையதோ கையெழுத்து.

துரை இப்போது எழுத ஆள் வைத்திருக்கிறானாக்கும். எனக்குத் தெரிந்தது பஸ் போர்டு வாசிக்கிற மலையாளம். அதை வைத்தே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன், மொத்தமே நாலு வரி. சுகம்தான். பிறகு, "இப்போள் நாட்டிலேக்கு வரான் அவசரம் இல்லா. கல்யாணக் காரியம் நிங்ஙளுடெ இஷ்டம் போலெ நிஸ்சயிக்குக."

வர அவசரம் இல்லையாம்! கல்யாணத்தை எங்கள் இஷ்டம்போல் முடிவு செய்துகொள்ளலாமாம்!

ஞானபாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எஞ்சினைப் பற்றி இல்லை. மூன்று தடவை வாசித்தேன். அவசரம் இல்லை, அவசரம் இல்லை. எலே செல்லையா, எனக்கத் தங்கச்சி ஒனக்கு என்ன, நினைச்சா ஏறுததுக்கு வழியில நிக்கிற பஸ்ஸா?

30.3.1977

அவளிடம் சொன்னேன். "அவனுக்கு மனசு மாறிட்டு." "எழுதினாரா அண்ணா?" "எழுதினான். நீ அதைப் பாக்காண்டாம்." "சரி அண்ணா" என்றாள். பார்த்தால் தாங்கமாட்டாள், அதுதான் காட்டவில்லை.

10.4.1977 ஈஸ்டர்

ஆராதனை முடிந்ததும் ஆரியங்கோட்டிலிருந்து வந்தவர்கள் பேசினார்கள். மாப்பிள்ளை ஜெயதாஸ், ரப்பர் தோட்டத்தில் கணக்கன். அமைதியான ஆள். ஞானபாயிடம் கேட்டேன். "அண்ணனுக்க இஷ்டம்." இஷ்டம் என்ற வார்த்தையே எனக்கு இப்போது கசக்கிறது.

2.5.1977 திங்கள்

மஸ்கட்டிலிருந்து இன்னொரு கடிதம். இந்த முறை மேல்விலாசம் அவன் கையெழுத்து, தமிழ். கோணல்மாணலாகக் கிடந்தது. குடித்துவிட்டு எழுதினானோ என்னவோ. கல்யாண அறிவிப்பு கோவிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று, இனி என்ன மன்னிப்பு வேண்டிக் கிடக்கிறது? பிரிக்கவில்லை. சிரட்டைக்கு அடியில் வைத்துத் தீ மூட்டினேன்.

எஞ்சின் ஓடியது! முதலில் இரண்டு முக்கு முக்கியது. பிளைவீலை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன், பிடித்துக்கொண்டது. டைனமோ புல்லியால் செய்த பிளைவீல் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியது. நூல் சுற்றிய பிஸ்டனில் ஆவி ஒழுகவில்லை. தண்ணீர் தீரும்வரை நின்று பார்த்தேன். கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை.

26.5.1977 வியாழன்

ஞானபாயின் கல்யாணம்.

எஞ்சினைப் பந்தலில் வைத்தேன். ஏன் வைத்தேன்? நீ இல்லாமலும் ஓடும் என்று அவனுக்குக் காட்டத்தான். எங்கேயோ கடலுக்கு அப்புறம் இருக்கிறவனுக்கு. ஆட்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். "கொள்ளாமே ரெத்தினதாசே!" என்று ஒரே பாராட்டுச் சத்தம். பெட்ரோல் குழாய்த் துண்டில் செய்த விசிலைத் திறந்தேன். ஆஸ்பத்திரி முக்கு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஞானபாய் எழுந்து உள்ளே போய்விட்டாள். தலைவலி என்று சொன்னார்கள். ஜெயதாஸ் எதுவும் தெரியாமல் எஞ்சினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

27.5.1977

வீட்டில் நான் மட்டும். சோறு வைக்கவில்லை.

14.10.1977 வெள்ளி

செல்லையன் வந்தான்.

கொட்டகை வாசலில் நின்றான். கையில் ஒரு பொதி. வலது கையில் தோல் சுருங்கி, இரண்டு விரல் ஒட்டிக் கிடந்தது. நான் இருக்கச் சொல்லவில்லை. கல்யாண விஷயத்தை வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு வாக்கு எழுதியிருக்கலாம்லா மச்சினா" என்றான்.

"ஆருக்கு மச்சினன்? நீதானே எழுதினே, வர அவசரம் இல்லேன்னு."

"நானா? கம்பெனியில சூட்டுக் குழாய் பட்டு கை வெந்து கிடந்தேன். கூட இருந்த மலப்புறத்துக்காரனாக்கும் எழுதித் தந்தான். பாஸ்போர்ட்டு கம்பெனி கையில, வர வழி இல்லேன்னுதான் சொன்னேன். கை வெந்ததை எழுதாண்டாம்னும் சொன்னேன், அவ பயப்படுவா. வேற ஒருத்தன் எழுதும்போ அவளைப்பற்றி என்னத்தைச் சொல்ல? பெறகு இடது கையால நானே தமிழில எழுதினேனே. அக்டோபரில வாறேன்னு. கிட்டல்லியா?"

கிட்டவில்லை என்று சொன்னேன். கர்த்தர் மன்னிக்கட்டும், சொல்லிவிட்டேன். பிறகு என் பொய்யை மறைக்க இன்னும் சத்தம் போட்டேன். "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதாலே? கண்ணால பாத்தேன், அவசரம் இல்லேன்னு. கள்ளம் சொல்லாத."

அவன் எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பொதியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிரித்தால் உள்ளே பித்தளையில் ஒரு பிரஷர் கேஜ், வெள்ளை முகம், சிவப்பு முள். கூடவே ஒரு சேலை.

23.10.1977 ஞாயிறு

அந்த மலையாளக் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். அவசரம் இல்லா. அப்படித்தான் இருக்கிறது. நான் ஒன்றும் தப்பாக வாசிக்கவில்லை. அப்படியானால் பொய் சொல்கிறவன் அவன்தான். அவன்தானே?

26.12.1977 திங்கள்

செல்லையன் போன வாரமே பம்பாய்க்கு வண்டி ஏறிவிட்டானாம். இனி வரமாட்டானென்று அவன் தம்பி சொன்னான்.

கிறிஸ்துமசுக்கு ஞானபாயும் ஜெயதாசும் வந்திருந்தார்கள். அவளுக்கு ஐந்தாம் மாதம். செல்லையன் வந்துபோனது அவள் காதுக்கு எட்டியிருக்கிறது. என்னிடம் கேட்கவில்லை, ஆனால் முகம் சரியில்லை. நீ ஒன்றும் இழக்கவில்லை மகளே என்று அவளுக்கு ருசுவோடு காட்டிவிட வேண்டுமென்று நினைத்தேன். அதோடு அவள் மனசு ஆறட்டும். இன்று மத்தியானம் ஜெயதாஸ் முற்றத்தில் நின்ற நேரம் பார்த்துக் கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

பார்த்ததும் சளசளவென்று வாசித்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் புரியாத பார்வை.

"இதில என்ன குத்தம் உண்டு அண்ணா? இப்ப வர வழி கிடைக்கல்ல, கல்யாணத்துக்கு நாளை ஒங்க இஷ்டம்போலக் குறிச்சு வையுங்கோன்னுல்லா எழுதியிருக்கு."

"அவசரம் இல்லேன்னு இருக்கே. பாரு."

"மலையாளத்தில அவசரம்னா சந்தர்ப்பமாக்கும் அண்ணா. நாம வீட்டில சொல்லுத அவசரம் இல்ல அது. நாலாம் கிளாசில படிச்சது."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கும் விளங்கியது. என் முகத்தைப் பார்த்தாள். நான் எங்கே பார்க்க? பஸ்ஸில், கடையில், கோர்ட்டு வாசலில், பிறந்த நாள் முதல் மலையாளம் பேசுகிறேன். இந்த ஒரு வார்த்தை இப்படி என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவனைக் கள்ளன் என்றேன். அவன் இடது கையால் எழுதியதைத் தீயில் வைத்தேன். அதையும் இவளிடம் சொல்லிவிட வேண்டுமென்று வாயைத் திறந்தேன், வரவில்லை.

கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து என் கையில் திருப்பித் தந்தாள்.

"அன்னைக்கு எனக்கிட்ட தந்திருந்தா நான் வாசிச்சுச் சொல்லியிருப்பேனே" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஜெயதாஸ் கூப்பிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கடிதம் வந்த அன்று அவள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் இந்த மேசையில், எழுத்துக்கூட்டிக்கொண்டு. நடுவில் ஒரு கதவு. அதுவும் திறந்துதான் கிடந்தது.